காது மெஷினைச் சோதனைப் பெட்டியில் அளப்பது: குமரி எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவனந்தபுரத்தில் வாங்கிய மெஷினை மார்த்தாண்டத்தில் பழுது பார்ப்பதும், நாகர்கோவிலில் வாங்கியதைப் பாறசாலையில் காட்டுவதும் இந்த வட்டாரத்தில் சாதாரணம். சீட்டில் அங்கே ‘சிரவண சகாயி’, இங்கே ‘செவித்துணைக் கருவி’. வீட்டில் இரண்டும் காது மெஷின்தான். சோதனைப் பெட்டி தரும் தாள் மட்டும் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இரு பக்கமும் ஒன்றே. அந்தத் தாளை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது, எப்போது அதை நம்பக் கூடாது என்பவையே கீழே இருக்கின்றன. மெஷின் போடுபவர்களின் கேள்விகளும் புதிதாக அளக்கப் பழகுபவர்களின் கேள்விகளும் கலந்தே வரும்.

பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

உள்ளே பஞ்சு ஒட்டிய, மூடி இறுக்கமான பெட்டி. அதில் ஒரு ஸ்பீக்கர் நாம் சொல்லும் அளவில், நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும். மெஷினின் மைக் அதைக் கேட்டுப் பெருக்கி, ரிசீவர் வழியாக வெளியே தள்ளும். மெஷினுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரைத்தான் ரிசீவர் என்கிறோம். அந்த ஒலி காதுக்குப் போவதற்குப் பதில் கப்ளர் என்ற உலோகக் கிண்ணத்துக்குள் போகிறது. கிண்ணத்தின் குழி சரியாக 2 கன சென்டிமீட்டர். அதன் அடியில் அளவு மைக். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, போகாத ஒன்று ஏதாவது வந்ததா என்ற மூன்றையும் கருவி கணக்கிட்டுக் கோடாக வரைகிறது.

போகாத ஒன்று வெளியே வந்தால் அது சிதைவு, அல்லது இரைச்சல்.

எல்லா மெஷினுக்கும் ஒரே கப்ளர் போதுமா?

போதாது. தாள் கெட்டுப்போகும் முதல் இடம் இதுதான். காதுக்குப் பின்னால் போடும் மெஷினுக்கு ஹெச்ஏ-2 கப்ளர்: ஹுக்கிலிருந்து (மெஷினைக் காதில் மாட்டும் வளைந்த முனை) 25 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ட்யூப், அதன் பிறகு காது அச்சான மோல்டுக்குப் பதிலாக 18 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. ட்யூப் பழசாகிக் கல் மாதிரி இறுகிவிட்டால் ஹுக் முனையில் ஒலி கசியும். ட்யூபின் விலை அற்பம், மாற்றிவிடுங்கள். கைக்குக் கிடைத்த நீளத்தில் வெட்டிப் போட்டால் கோட்டின் மேடுகள் இடம் மாறும்.

காதுக்குள் போடும் மெஷினுக்கும், ரிசீவர் காதுக்குள் இருக்கும் வகைக்கும் ஹெச்ஏ-1. இதில் ட்யூப் கிடையாது. ஒலி வரும் முனையைக் குழியின் வாயோடு சமமாக வைத்துச் சுற்றிலும் புட்டி போட்டு அடைக்க வேண்டும். புட்டி குழிக்குள் பிதுங்கினால் 2 கன சென்டிமீட்டர் குறைந்துபோகும், அளவு கூடும். முனையை மூடினால் உயர் ஒலிகள் காணாமல் போகும். காற்றுப் போக விட்ட வென்ட் துளை இருந்தால் வெளிப்பக்கத்தில் புட்டியால் அடையுங்கள்.

அளக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் லெவலிங். மெஷின் இல்லாமல், அளவு மைக்கைச் சோதனைப் புள்ளியில் வைத்து, மூடியை மூடி, பெட்டியைத் தன் ஒலியைத் தானே சரிபார்க்க விடுங்கள். தினமும் காலையில் ஒரு தடவை, கப்ளரை மாற்றினாலும் பெட்டியை நகர்த்தினாலும் மறுபடி ஒரு தடவை. இது போக, 1000 ஹெர்ட்ஸில் 94 அல்லது 114 டெசிபெல் தரும் கையளவு கேலிபிரேட்டரால் மைக்கையே அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. புதிய ஜிங்க்-ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் போட்டு மூடாமல் சில நிமிடம் காற்றில் வையுங்கள். பேட்டரி வடிவில் வரும் செயற்கை மின்மூலம் இருந்தால் இன்னும் நல்லது; ஜிங்க்-ஏர் அமைப்பில் அது 1.3 வோல்ட் கொடுத்து, மெஷின் குடிக்கும் கரண்டையும் காட்டும்.

பிறகு மெஷினின் அமைப்பு. டிஜிட்டல் மெஷின் புத்திசாலி. அந்தப் புத்தியே அளவைக் கெடுக்கும். விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுருதியை அது பேச்சாக எடுத்துக்கொள்ளாது. இரைச்சல் குறைப்பான் அதை இரைச்சல் என்று அடக்கும்; விசில் தடுப்பான் அதை விசில் என்று வெட்டும். எனவே மென்பொருளில் சோதனை நிலைக்கு மாற்றுங்கள்: இரைச்சல் குறைப்பு, விசில் தடுப்பு, காற்றொலித் தடுப்பு, உயர் ஒலியைக் கீழே இறக்கும் வசதி எல்லாம் அணைந்திருக்க வேண்டும், மைக் எல்லாத் திசையும் கேட்கும் நிலையில் இருக்க வேண்டும், சத்தம் கூடினால் பெருக்கத்தைத் தானே குறைக்கும் தானியங்கிக் கம்ப்ரெஷன் அதற்கே உரிய சோதனை தவிர மற்றவற்றில் குறைந்தபட்சத்தில் இருக்க வேண்டும். பழைய அமைப்பைச் சேமித்துவிட்டு மாற்றுங்கள். அதை மறந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

மெஷினின் மைக் துளை, அளவுப் புள்ளியிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆன் செய்ததும் மெஷின் ‘டிங் டிங்’ என்று விழிக்கும். அது அடங்கிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

தாளில் வரும் முக்கிய எண்கள் எவை?

பெரும்பாலான பெட்டிகள் அமெரிக்கத் தரநெறியான ஆன்சி எஸ்3.22 அல்லது ஐரோப்பாவில் புழங்கும் ஐஈசி 60118 வரிசையின்படி ஓடும்.

ஓஎஸ்பிஎல்90 என்பது 90 டெசிபெல் உள்ளே கொடுத்து, கெயினை, அதாவது பெருக்கும் அளவை, முழுதாகத் திறந்தால் மெஷின் அதிகபட்சம் எவ்வளவு கத்தும் என்பது. இதன் உச்ச மதிப்பு உற்பத்தியாளர் தாளில் போட்டதைவிட 3 டெசிபெல்லுக்கு மேல் கூடக் கூடாது. 125 என்று போட்டிருந்தால் 128 வரை பொறுக்கலாம். 1000, 1600, 2500 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரியை ஹெச்எஃப்ஏ என்பார்கள். ஓஎஸ்பிஎல்90-இல் அதற்கு முன்பின் 4 டெசிபெல் விலகல் அனுமதி. முழுக் கெயின் 50 டெசிபெல் உள்ளீட்டில் அளக்கப்படும். அதன் ஹெச்எஃப்ஏ சராசரிக்கு முன்பின் 5 டெசிபெல். பேட்டரி கரண்ட் தாளில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது.

ஓஎஸ்பிஎல்90 ஓடும்போது மெஷினைக் காதில் வைத்துப் பார்க்காதீர்கள். பவர் மெஷின் 130 டெசிபெல்லைத் தாண்டும். அளப்பவரின் காதும் காதுதான்.

சிதைவை அளக்க மெஷினின் கெயினைக் குறைக்கிறார்களே, ஏன்? அப்போது கழிக்கும் அந்த 77 எங்கிருந்து வந்தது?

முழுக் கெயினில் எந்த மெஷினும் திணறும். அதை அளப்பதில் பயனில்லை. பேச்சைக் கேட்கும் நிலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. சாதாரணப் பேச்சின் சராசரியை 65 டெசிபெல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உச்சங்கள் சராசரிக்கு மேல் 12 டெசிபெல் எழும்பும். இரண்டையும் கூட்டினால் 77. பேச்சின் உச்சம் மெஷினின் உச்சவரம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கெயினை வைக்க வேண்டும் என்பதே யோசனை. ஹெச்எஃப்ஏ ஓஎஸ்பிஎல்90 மதிப்பு 118 என்றால் 77-ஐக் கழித்து 41. உள்ளீடு 60 டெசிபெல் கொடுத்து, சராசரிக் கெயின் 41 வரும்வரை குறைக்கிறோம். முன்பின் 1.5 டெசிபெல் இருக்கலாம். மெஷினின் முழுக் கெயினே அதைவிடக் குறைவு என்றால் முழுக் கெயினிலேயே விட்டுவிட வேண்டும்.

இந்த நிலையைத் தாண்டிக் கெயினை ஏற்றி வைத்துவிட்டு “டிஸ்டார்ஷன் அதிகம்” என்று மெஷினைக் குறை சொன்னால் அது மெஷின் குற்றமில்லை.

டிஹெச்டி சதவீதம் என்றால் என்ன?

500 ஹெர்ட்ஸ் சுத்தமான சுருதி ஒன்றை உள்ளே விடுகிறோம். வெளியே 500 மட்டுமே வர வேண்டும். 1000, 1500 ஹெர்ட்ஸிலும் ஏதாவது வந்தால் அவை மெஷின் தானாகச் சேர்த்தவை. அந்தச் சேர்க்கைகளை ஒன்றாகத் திரட்டி, மூலச் சுருதியோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வதே டிஹெச்டி. 500, 800 ஹெர்ட்ஸுக்கு உள்ளீடு 70 டெசிபெல். 1600 ஹெர்ட்ஸுக்கு 65.

டெசிபெல்லில் நினைத்தால் எளிது. சேர்க்கை மூலத்தைவிட 20 டெசிபெல் கீழே இருந்தால் 10 சதவீதம், 30 கீழே இருந்தால் சுமார் 3, 40 கீழே இருந்தால் 1. ஒரு கணக்கு: மூலம் 105 டெசிபெல், இரண்டாம் ஹார்மோனிக் (மூலத்தின் இரு மடங்கு ஹெர்ட்ஸில் வந்த சேர்க்கை) 75, மூன்றாவது 69. முதலாவது 3.16 சதவீதம், அடுத்தது 1.58. இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை சுமார் 3.5 சதவீதம்.

உற்பத்தியாளர் தாளில் சொன்னதைவிட 3 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடினால் அது வரம்பு மீறல்.

டிஹெச்டி எகிறியிருக்கிறது. மெஷின் போய்விட்டதா?

பொறுங்கள். எகிறிய டிஹெச்டியில் மெஷினுக்கு வெளியே காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கசிவிலிருந்து தொடங்குங்கள். புட்டியிலோ ட்யூபிலோ சிறு ஓட்டை இருந்தால் தாழ்ந்த ஒலிதான் முதலில் தப்பும். அப்போது 500 ஹெர்ட்ஸ் மூலம் இறங்கிவிடும், 1000-உம் 1500-உம் அப்படியே நிற்கும். மெஷின் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. ஆனாலும் சதவீதம் ஏறிவிடும். 500-இல் மட்டும் டிஹெச்டி அதிகம், 1600-இல் ஒழுங்கு, கோட்டின் இடது பக்கம் சரிவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் புட்டியைப் பிரித்து மறுபடி போடுங்கள்.

அடுத்து அறை. பெட்டியின் மூடி தாழ்ந்த உறுமலை முழுதாகத் தடுக்காது. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டிய கடையில் ஒரு டாரஸ் லாரி போகும் நொடியில் எடுத்த எண்ணும், தகரக் கூரையில் மழை அறையும்போது எடுத்த எண்ணும் எண்களே அல்ல. ஒரே சோதனையை மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்றிலும் எண் துள்ளினால் குற்றம் அறையில். மூன்றும் ஒட்டி வந்தால் மெஷினைச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது, கோட்டின் வடிவம். 500-இலிருந்து 1000-க்குக் கெயின் 12 டெசிபெல்லோ அதற்கு மேலோ ஏறும் மெஷின்களில், இல்லாத சிதைவையும் அந்த ஏற்றமே ஊதிக் காட்டும். அதனால்தான் தரநெறியே அந்த இடத்தில் டிஹெச்டியை அளக்காமல் விடலாம் என்கிறது. உயர் ஒலிக் குறைபாட்டுக்கு அமைத்த மெஷின்களில் இது வழக்கமாக வரும். தாளில் அந்த இடம் காலியாக இருந்தால் கடைக்காரர் மறைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

நான்காவது, அணைக்க மறந்த வசதி. சில விசில் தடுப்பான்கள் ஒலியைக் கொஞ்சம் நகர்த்தி வெளியே விடும்; உயர் ஒலியை இறக்கும் வசதியும் அப்படியே. பெட்டிக்கு அதெல்லாம் சிதைவாகத்தான் தெரியும்.

இவை நாலும் இல்லை என்றான பிறகுதான் மெஷின். அதிலும் முதலில் மின்சாரம். சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் பக்கக் கடற்கரைக் கிராமங்களின் உப்புக் காற்றில் பேட்டரி தொடும் தகடுகளில் பச்சை படியும். மெல்லிய ஒலியில் எல்லாம் சரியாக இருக்கும். சத்தமான ஒலி வந்ததும் மெஷின் அதிகக் கரண்ட் இழுக்க, பச்சைப் படிவம் தடுக்க, வோல்ட் சரிந்து, அலையின் உச்சி வெட்டுப்படும். செயற்கை மின்மூலமும் அதே தகடுகள் வழியாகத்தான் போகிறது என்பதால் அதைப் போட்டாலும் சிதைவு மாறாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் தகட்டை லேசாகத் துடைத்து, காய்ந்ததும் மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். மாறாக, செயற்கை மூலத்தில் சரியாக ஓடி, மெஷின் போடுபவர் கொண்டுவந்த பேட்டரியில் மட்டும் சிதைந்தால் குற்றம் பேட்டரியில்.

தகடும் சுத்தம், மின்சாரமும் சரி, மூன்று ஓட்டத்திலும் அதே உயர்ந்த எண் என்றால் ரிசீவர். கீழே விழுந்ததில் உள்ளிருக்கும் நுண்ணிய தகடு நகர்ந்திருக்கலாம், ஈரம் ஏறியிருக்கலாம், தூசு போயிருக்கலாம். ரிசீவர் காதுக்குள் இருக்கும் வகையில் அதை மட்டும் மாற்றலாம். மற்றவற்றுக்குக் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். மாற்றும் ரிசீவர் அதே பவர் வகையா என்று பார்த்து, மாற்றிய பிறகு தாளை மறுபடி எடுங்கள்.

கோட்டைப் பார்த்தே பழுதைச் சொல்ல முடியுமா?

ஓரளவு. இடது பக்கம் சரிந்தால் கசிவு. வலது பக்கம் மட்டும் படுத்தால் குறும்பி அடைத்த வாக்ஸ் ஃபில்டர் அல்லது மைக் வலை. கோடு முழுவதும் ஒரே அளவு இறங்கினால் மைக்கோ ரிசீவரோ சோர்ந்திருக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் அருகே முன்பு இல்லாத கூர்மையான கொம்பு முளைத்தால் ஹுக்கைப் பாருங்கள். ஒலி மேட்டைத் தணிக்கும் டாம்பர் இருந்த ஹுக்கை எடுத்துவிட்டு வெறும் ஹுக்கை மாட்டியிருப்பார்கள். கோடு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய மேடுபள்ளம் என்றால் மெஷின் விசிலடிக்கும் விளிம்பில் இருக்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நடுக்கம் என்றால் அறைச் சத்தம்.

எந்தக் கோடும் தனியாகப் பேசாது. மெஷின் வாங்கிய அன்று எடுத்த தாள் பக்கத்தில் இருந்தால்தான் இவ்வளவும் சொல்ல முடியும்.

“உள் இரைச்சல்” என்று ஒரு எண் வருகிறதே?

ஒலி எதுவும் கொடுக்காதபோது வெளியே வரும் இரைச்சலிலிருந்து, 50 டெசிபெல் உள்ளீட்டில் கிடைக்கும் சராசரிக் கெயினைக் கழித்தால் வருவது. வெளியே 66, கெயின் 41 என்றால் 25 டெசிபெல். அமைதியான வீட்டில் “உஸ்ஸுன்னு ஒரு சத்தம்” என்பவர்களுக்கு இது முக்கியம். டிஹெச்டியைவிட அறைச் சத்தத்துக்கு இது இன்னும் எளிதில் மயங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளங்கள்.

கம்ப்ரெஷன் வேகத்தை எப்படிப் பார்ப்பது?

2000 ஹெர்ட்ஸ் ஒலியை 55-இலிருந்து 90 டெசிபெல்லுக்குத் திடீரென்று ஏற்றி, மறுபடி இறக்குகிறார்கள். ஏற்றியதும் வெளியீடு கடைசியில் நிற்கும் அளவுக்கு 3 டெசிபெல்லுக்குள் வர எடுக்கும் நேரம் ஒன்று. இறக்கியதும் 4 டெசிபெல்லுக்குள் வர எடுக்கும் நேரம் இன்னொன்று. இரண்டாவது நீளமாக இருந்தால், பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்த பிறகு சிறிது நேரம் பேச்சு மங்கிக் கேட்கும். அது பழுது அல்ல, அமைப்பு.

நெட்டில் கிடைத்த உற்பத்தியாளர் தாளில் 10 டெசிபெல் கூடுதலாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

எந்தப் பத்தியைப் பார்த்தீர்கள்? பல தாள்களில் இரண்டு பத்தி இருக்கும்: 2 சிசி கப்ளர் ஒன்று, நிஜக் காதைப் போலச் செய்த காது சிமுலேட்டர் இன்னொன்று. சிமுலேட்டரின் குழி சிறியது, எனவே எண் பெரியது. கடைப் பெட்டியில் எடுத்ததை 2 சிசி பத்தியோடுதான் ஒப்பிட வேண்டும்.

தாள் நன்றாக இருக்கிறது; அப்பாவுக்கு மட்டும் கரகரப்பாகக் கேட்கிறதாம்.

2 கன சென்டிமீட்டர் உலோகக் கிண்ணம் அப்பாவின் காது அல்ல. மோல்ட் போட்ட பிறகு காதில் மிஞ்சும் இடம் அதைவிடச் சிறியது. அதே மெஷின் காதுக்குள் அதிகமாகக் கத்தும், உயர் ஒலிகளில் இன்னும் அதிகமாக. குழந்தையின் காதில் வித்தியாசம் மேலும் பெரிது. எனவே கப்ளர் தாள் மெஷின் ஒழுங்கா என்பதற்கு மட்டும் பதில் சொல்லும். அவருக்குப் பொருந்துகிறதா என்பதற்கு மெல்லிய ட்யூப் மைக்கைக் காதுக்குள் விட்டு, மெஷினோடு அளக்க வேண்டும். அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) வேண்டும். பதிவு தமிழ்நாட்டிலா கேரளாவிலா என்பது பொருட்டல்ல, நாடு முழுவதும் செல்லும்.

தன் குரலே பானைக்குள் பேசுவது போல் இருக்கிறது என்றால் அது சிதைவே அல்ல. மோல்ட் காதை அடைத்திருப்பதால் வருவது. வென்ட் துளையைப் பற்றி ஆடியாலஜிஸ்டிடம் பேசுங்கள்.

சோதனைக்கு ஓடும் பேச்சு தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, என்னவோ புலம்புகிறதே?

புரியக் கூடாது என்றே செய்தது. ஐஎஸ்டிஎஸ் என்ற அந்தச் சோதனை ஒலி, அமெரிக்க ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழி பேசும் 21 பெண்களின் குரலைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டியது. மெஷினுக்கு மொழி தெரியாது. பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தால் போதும். காதில் போட்ட பிறகு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆறையும் முகத்தைக் காட்டாமல் சொல்லிப் பாருங்கள். ஸ் மட்டும் விட்டுப்போனால் வாக்ஸ் ஃபில்டரைப் பாருங்கள்.

மழைக்காலத்தில்தான் மெஷின் அதிகம் கெடுகிறது. உண்மையா?

உண்மைதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இந்த மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. இரவில் பேட்டரியைக் கழற்றி, கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். அரிசிப் பானையில் புதைப்பது வேண்டாம். தவிட்டுத் தூசு மைக் வலையை அடைக்கும். அடுப்படியும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடும் இன்னும் மோசம்.

ஜிங்க்-ஏர் பேட்டரி காற்றைத் துளை வழியே உறிஞ்சுவதால், ஈரக் காற்றில் அதன் ஆயுளும் குறையும்.

பேட்டரி எத்தனை நாள் வர வேண்டும்?

பேட்டரியின் மில்லி ஆம்பியர் மணியைத் தாளில் உள்ள கரண்டால் வகுத்துவிடுங்கள். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13-ஆம் நம்பர் ஏறக்குறைய 300, மெஷின் 1.5 மில்லி ஆம்பியர் குடித்தால் 200 மணி நேரம், நாளுக்கு 12 மணி என்றால் 16 நாள். நாலு நாளில் தீர்கிறது என்றால் கரண்டை அளங்கள். ஃபோனோடு புளூடூத்தில் இணைத்துப் பேசுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பெட்டி இல்லாமல் ஃபோன் ஆப்பில் அளக்கலாமா?

முடியாது. ஃபோன் மைக் தானே ஒலியை ஏற்றி இறக்கும், சத்தமானால் தானே சிதைக்கும். அதைவிட, மெஷினின் ஒலியை நம் காதில் கேட்கவைக்கும் ஸ்டெதோ கிளிப் ஒன்று வாங்கி, வீட்டில் காது நன்றாகக் கேட்கும் ஒருவர் தினமும் ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்பது மேல். பவர் மெஷின் என்றால் ஒலி குறைக்கும் துண்டு பொருத்திய கிளிப்பைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும்? வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

வாங்கிய அன்று, பழுது பார்த்துத் திரும்பிய அன்று, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மோல்டைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை மட்டும் கொண்டுவராதீர்கள். மோல்ட், இப்போது போட்டிருக்கும் பேட்டரி, பழைய சோதனைத் தாள், மெஷினின் மாடல் பெயர் இவை போதும். எந்த இடத்தில், எந்தச் சத்தத்தில் கரகரக்கிறது என்று மெஷின் போடுபவரே சொல்ல, அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள்.